கிராம்பு என்ற சொல்

பினாங்கில் ஒரு தமிழ் அச்சகத்தில் நான் புரூப் பார்த்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சூலியாத் தெருவிலிருந்து பள்ளிவாசல் பக்கம் திரும்பும் சந்தில், கீழே அச்சு இயந்திரமும் மேலே ஈய எழுத்துப் பெட்டிகளுமாக இருந்த பழைய கடைவீடு அது. கல்யாணப் பத்திரிகை, கப்பல் புறப்படும் அறிவிப்பு, மருந்து விளம்பரம், வாரம் ஒருமுறை வரும் நாலு பக்கச் செய்தித்தாள், எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. புதிதாக யாராவது வேலை கொடுக்க வந்தால் முதலாளி என்னைக் கைகாட்டி, "நம்ம தம்பி கண்ணுல படாத பிழை இனிமேதான் பொறக்கணும்" என்பார். நான் காதில் விழாத மாதிரி குனிந்துகொள்வேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, லேபிள் புரூப் ஒன்றை எடுத்துக்கொண்டு துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றுக்குப் போனேன். கிராம்பும் ஜாதிக்காயும் வெளியூருக்கு அனுப்பும் வியாபாரியின் கிடங்கு. அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். "மேல போய் உக்காருங்க, வந்துருவாரு" என்று கீழே இருந்தவர்கள் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மாடி முழுக்கக் கிராம்பு மூட்டைகள். ஒரே ஒரு ஆள் மட்டும் அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கத்து ஆள் என்பது பேச்சில் தெரிந்தது. வலது தோள்பட்டையில் மூட்டை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன மேடு ஒன்று இருந்தது. எனக்கு உட்கார ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்து லேபிளை இன்னொரு முறை படித்துக்கொண்டிருந்தேன்.

கிராம்பு வாசனை மூக்குக்குப் பழகிப்போய் மறந்தே விட்டது. கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வந்தது. ஆனால் இப்போது வேறு மாதிரி, வறுபட்டு, இனிப்பாக. நெய்ச்சோற்றுக்குத் தாளிக்கிறபோது வருமே, அந்த வாசனை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்குப் பசித்தது.

"அண்ணே, கீழ சமையல் நடக்குதா?" என்று கேட்டேன்.

அவர் தூக்கின மூட்டையை அப்படியே இறக்கி வைத்தார். மூக்கை உறிஞ்சினார்.

"சமையலா? இங்க அடுப்பே கெடையாதே தம்பி."

அதற்குள் தரைப் பலகைகளின் இடுக்கு வழியாகப் புகை மெல்லிய கோடுகளாக எழும்பியது. கோடு போட்ட தாள் மாதிரி வரிசை வரிசையாக. அவர் ஓடிப்போய் மாடிப்படியின் மேல்கதவைத் தூக்கினார். கறுப்பாக ஒரு தூண் எழுந்து கூரையில் மோதியது. கதவைப் போட்டு மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கீழ போக முடியாது. எந்திரிங்க."

அந்தக் கிடங்குகளில் மாடிச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கதவு இருக்கும். அதைத் திறந்தால் வெட்டவெளி. தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தில் ஒரு கப்பி, கப்பியில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி. மூட்டைகளை ஏற்றி இறக்குவதற்கானது. அவர் கதவை உதைத்துத் திறந்தார். ஒரு காலிச் சாக்கைச் சுருட்டி என் அக்குளுக்குக் கீழே கொடுத்து, அதன்மேல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அவசரமே இல்லாத மாதிரி இருந்தது அவர் வேலை.

"கீழ பாக்காதீங்க. சுவத்த மட்டும் பாருங்க."

"நீங்க எப்படிண்ணே வருவீங்க?"

"வர்றேன். நீங்க போங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். சுண்ணாம்பு உதிர்ந்த செங்கல், அதில் பாசி, பாசியில் ஒரு எறும்புச் சாரி. மேலே கப்பி கிறீச்சிட்டது. அவர் மறுமுனையைப் பிடித்து விட, கயிறு ஒவ்வொரு சாணாக விட்டுவிட்டு நழுவியது. என் முகத்துக்கு நேரே இருந்த கயிற்றில் பிரிந்து நின்ற நார்களைக்கூட நான் எண்ணியிருக்க முடியும். கீழே தொங்கான் என்ற சரக்குப் படகுகளிலிருந்து ஓடிவந்த படகுக்காரர்கள் என் காலைப் பிடித்து இறக்கினார்கள். கயிற்றை அவிழ்த்ததும் அண்ணாந்து பார்த்தேன். கதவு இருந்த இடத்தில் புகை மட்டும்தான் இருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. அப்புறம், மறுமுனையை உள்ளே எங்கோ கட்டிவிட்டு, புகைக்குள்ளிருந்து அவர் கயிற்றைக் கட்டிப்பிடித்தபடி சரசரவென்று வழுக்கி வந்து விழுந்தார். எழுந்து உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து எனக்குக் காட்டினார். தோல் இல்லை. வலியில் கத்தக்கூட இல்லை; யாருடைய கையோ என்பது போல ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் சாகவில்லை. கிடங்கு போய்விட்டது. மூன்று நாளைக்குத் துறைமுகத்துப் பக்கமே கல்யாண வீடு மாதிரி மணத்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் மூச்சை இழுத்து, "என்னா வாசம்" என்றார்கள். நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். இருமல் நாலைந்து நாளில் நின்றுவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பல் வைத்தியர் கையில் ஒரு தாளை விசிறிக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தார். அவருக்கு நாங்கள் ஆயிரம் விளம்பரத் தாள் அடித்துக் கொடுத்திருந்தோம். முதல் வரி கொட்டை எழுத்தில் இருந்தது: கிராம்புத் தைலம் தடவினால் ஒரே நாளில் பல் நீங்கும்.

"தம்பி, நான் பல்லு வலிக்கு மருந்து விக்கிறேன். நீங்க பல்லையே கழட்டிட்டீங்களே" என்றார் வைத்தியர்.

முதலாளி முதலில் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். நான் எழுத்துப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். 'பல் வலி நீங்கும்' என்று தெளிவாக இருந்தது. அச்சுக்கோத்தவர் ஒரு சொல்லை விட்டிருக்கிறார். அது நடக்கிறதுதான். அதைப் பிடிக்கத்தான் நான் இருக்கிறேன். புரூப்பில் என் கையெழுத்து இருந்தது. கொட்டை எழுத்து, முதல் வரி, ஏழே சொல். நான் பார்க்கவில்லை.

"கண்ணாடி போட்டுக்க தம்பி" என்று முதலாளி மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

கண் வைத்தியரிடம் போனேன். அவர் சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி வரிவரைக்கும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "ஒண்ணுமில்ல, நல்ல கண்ணு" என்று அனுப்பிவிட்டார். ஆனால் பிழைகள் வந்துகொண்டே இருந்தன. கப்பல் அறிவிப்பில் ஊர்ப்பெயர் ஒன்று எழுத்து மாறிப் போனது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகளுடைய தகப்பனாருக்கு இருந்த பட்டமே காணாமல் போனது. நான் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தரம் படிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கும் எடுத்துப்போய்ப் படித்தேன்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பெண்கள் பள்ளியில் வாத்தியாராக இருந்தவள். சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் என் எதிரே உட்கார்ந்து எழுத்துப்பிரதியை உரக்கப் படிப்பாள். நான் புரூப்பில் விரலை ஓட்டிக்கொண்டு வருவேன். சில நாள் அப்படிப் போனது. ஒரு நாள் படிப்பதை நிறுத்திவிட்டு, "ஏங்க, பழைய பிழையெல்லாம் இருக்கிற தாளுங்களக் கொண்டாங்க" என்றாள்.

"எதுக்கு? என் மானம் போனது போதாதா?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்களேன்."

கொண்டுவந்தேன். மொத்தம் ஏழு. அவற்றைத் தரையில் பரப்பிப் போட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு பிழைக்குப் பக்கத்தில் இருந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் என் பிழையைப் பார்த்தேனே ஒழிய, அதன் அண்டை வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததே இல்லை. ஒரு தாளில் வட்டம் போட்டாள். அடுத்ததில் வட்டம் போட்டாள். ஏழிலும் போட்டுவிட்டு என் பக்கம் திருப்பினாள்.

கிராம்பு. கயிறு. சாக்கு. மறுபடியும் கிராம்பு. கொக்கி. நெய்ச்சோறு. ஏழாவதில் அவளுக்கே கொஞ்சம் சந்தேகம். அது பள்ளிவாசல் தெருவில் ஒரு கடை திறப்பதற்கான அறிவிப்பு. அதில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று வருகிறது. அதில் முதல் மூன்று எழுத்தை மட்டும் அவள் வட்டம் போட்டிருந்தாள். கப்பி.

எல்லாப் பிழையும் இந்தச் சொற்களுக்குப் பின்னால் அதே வரியிலோ அடுத்த வரியிலோதான் இருந்தது. அந்தச் சொற்களில் ஒரு பிழையும் இல்லை. அவை ஒவ்வொன்றையும் நான் நன்றாகவே பார்த்திருக்கிறேன். ரொம்ப நன்றாகப் பார்த்திருக்கிறேன். அதனால் அதற்குப் பின்னால் வந்தது எதையும் பார்க்கவில்லை.

"சும்மா ஏதோ தற்செயல்" என்றேன்.

"இருக்கலாம். பாத்துருவோம்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், அச்சகத்திலிருந்து நான் கொண்டுவந்திருந்த சிவப்பு மையையும் கறுப்பு மையையும் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை வெட்டின ஓரத் தாள்களில் அவள் சொல் சொல்லாக எழுதினாள். எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு இது விளையாட்டு. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சொல்லைப் படிக்கக்கூடாது, எந்த மையில் எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லவேண்டும். அம்மா தட்டில் கரண்டியால் தாளம் போடுவாள். கரண்டி ஒருமுறை விழுந்தால் ஒரு சீட்டு.

மகள் மடமடவென்று சொல்லி முடித்துவிட்டுக் கைதட்டிக்கொண்டாள். பிறகு என் முறை.

மேசை. சிவப்பு. குருவி. கறுப்பு. பானை. கறுப்பு. ஞாயிறு. சிவப்பு. இதில் என்ன இருக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த சீட்டு வந்தது. கரண்டி விழுந்தது. என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கரண்டி மறுபடி விழுந்தது. "சிவப்பு" என்றேன். அந்தச் சீட்டில் இருந்த சொல் கயிறு.

"அப்பா, உங்களுக்குச் செவப்பு தெரியலையா?" என்று மகள் கேட்டாள்.

மேலே போனோம். சாக்கில் தடுக்கினேன். கிராம்பில் நிறத்தையே மாற்றிச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் எனக்கு நின்ற மாதிரியே இல்லை. தட்டின் சத்தம் என்னைத் தாண்டிப் போகும்போதுதான் நின்றிருக்கிறேன் என்று தெரிந்தது. நடுவில் மனைவி 'நெருப்பு' என்று ஒரு சீட்டு வைத்திருந்தாள். அதில் நான் தடுக்கி நிற்கவே இல்லை. 'புகை' என்ற சீட்டிலும் இல்லை. 'கிராமம்' என்று எழுதியிருந்த சீட்டில் நின்றேன். அதைக் காட்டி அவள் கண்ணை அகல விரித்தாள்.

"கிராமத்துல என்னங்க இருக்கு? பாக்கிறதுக்குக் கிராம்பு மாதிரி இருக்கு, அவ்வளவுதானே?"

மகள் விளையாடப் போனபிறகும் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சீட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். நெருப்பு என்ற சொல்லை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அடுப்பில், விளக்கில், திருவிழாவில் எங்கேயும் இருக்கிற சொல். அன்றைக்கு மாடியில் நான் நெருப்பைப் பார்க்கவுமில்லை. மூக்குக்கு வந்தது கிராம்பு. கண்ணுக்கு வந்தது கயிறு. எனக்குள் ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. கிராம்பின் சாயலில் யார் வந்தாலும் எழுந்து நிற்கிறது. சோதித்துப் பார்த்து, இது வெறும் கிராமம்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில்தான் பல் வைத்தியருடைய 'வலி' நழுவிவிட்டது.

"உங்களுக்கு முன்னாடி யாரோ படிக்கிறாங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் பயம் இல்லை. கோயிலில் பேசுகிற மாதிரி தணிந்து இருந்தது.

அவள் அதோடு விடவில்லை. ஒரு நாள் பழைய செய்தித்தாள் பக்கம் ஒன்றை என் முகத்துக்கு நேரே விரித்து, உடனே மூடினாள். ஒரு வரிகூடப் படித்திருக்க முடியாது. "இருக்கா?" என்றாள். "மூணாவது பத்தி, நடுவுல" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிரித்துப் பார்த்தோம். மூன்றாவது பத்தியில், சந்தைச் செய்திக்கு நடுவே, பொடி எழுத்தில் கிராம்பு இருந்தது. அத்தனை வருடம் என் கண்ணை நான் ஓட்டுகிறேன் என்று நம்பியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மூட்டை தூக்குகிறவரைத் தேடிப் போனேன். அதற்கு முன்னால் இரண்டு தரம் போய் அவர் கைக்கட்டோடு படுத்திருந்தபோது பார்த்திருந்தேன். கட்டு அவிழ்த்தபிறகு போகவில்லை. துறைமுகத்தில் விசாரித்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்கு மரத்தடி நாசி கண்டார்காரரிடம் வருவார் என்றார்கள். தோளில் கம்பும் கம்பின் இரு முனையிலும் கூடையுமாக வந்து சோறும் கறியும் இறக்கி விற்பவர் அவர். ஐம்பது அறுபது பேர் அவரைச் சுற்றிக் குந்திச் சாப்பிடுவார்கள். தமிழும் மலாயும் ஹொக்கியன் சீனமும் ஒன்றோடொன்று மோதும். பின்னால் கட்டைவண்டிகள், படகுகளில் சங்கிலி இழுபடும் ஓசை. பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதற்கே கத்தவேண்டும்.

அவர் என்னைக் கண்டதும் இடம் விட்டு உட்கார்ந்தார். உள்ளங்கை ஆறியிருந்தது, தோல் மட்டும் மெழுகு மாதிரி வழவழவென்று, விரலை முழுக்க விரிக்க முடியாமல் இருந்தது. எனக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கண், சொல், மை என்று இவரிடம் என்ன சொல்வது? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டைப் பற்றி விசாரித்தேன். அவர் என் மகளைப் பற்றிக் கேட்டார். சாப்பிட்டோம்.

திடீரென்று என் கழுத்து திரும்பியது. நான் திருப்பவில்லை. அதே நொடியில் அவர் தலையும் அதே பக்கம் திரும்பியது. எங்களுக்குப் பின்னால், பத்துப் பதினைந்து அடிக்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவன் கறியைச் சுவைத்துவிட்டு இன்னொருவனிடம், "இன்னைக்குக் கிராம்பு தூக்கல் லா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவ்வளவு பேரில் வேறு ஒரு தலையும் அசையவில்லை. சொன்னவனுக்கே தான் சொன்னது காதில் விழுந்திருக்காது.

நாங்கள் இருவரும் மெதுவாகத் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்களுக்குமா?" என்றார் அவர்.

தலையை ஆட்டினேன்.

"நான் எனக்குத்தான் கோட்டி புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். "இந்த எரைச்சல்ல பேரச் சொல்லிக் கூப்புட்டாகூட எனக்குக் கேக்காது தம்பி. இது ஒண்ணு மட்டும் கேக்கும். காதுக்குள்ள வந்து சொன்ன மாதிரி. மலாய்க்காரன் அவன் பாஷையில பூங்கா செங்கேன்னு சொன்னாலும் கேக்குது. சீனன் சொன்னாக் கேக்கிறதில்ல. அவன் பாஷையில அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாதுல்ல, அதான்."

இதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். என் மனைவி தரையில் தாளைப் பரப்பிக் கண்டுபிடித்ததை இந்த மனிதர் தன் காதை வைத்துக்கொண்டே கண்டுபிடித்திருந்தார். அர்த்தம் தெரிந்தால்தான் பயம். சத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குள் கிராமத்தைப் பார்த்துப் பயந்தவன் அர்த்தம் தெரியாமல்தானே பயந்தான்? அதையும் சொல்லி, சீட்டு விளையாட்டையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இப்ப எங்கண்ணே வேலை?" என்று கேட்டேன்.

"அதே கிராம்புதான். வேற கிட்டங்கி. வேற எங்க போறது? மொத வாரம் உள்ள நிக்க முடியல. மூட்டையத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுவேன், வாந்தி எடுப்பேன், திரும்ப உள்ள போவேன். இப்ப அங்க ஒண்ணும் இல்ல. அங்க நாளைக்கு நூறு தடவ சொல்றானுங்க, காதுல ஏறவே மாட்டேங்குது. வெளிய வந்தாத்தான் இப்படி."

நான் நேர் எதிராகச் செய்துகொண்டிருந்தேன். கிடங்குத் தெரு வழியாகப் போவதை விட்டிருந்தேன். வீட்டில் கிராம்பு வாங்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கிராம்பு வியாபாரிகளின் வேலை வந்தால் எப்படியாவது தள்ளிப்போடப் பார்ப்பேன். தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் எனக்குள் இருந்த காவல்காரனுக்குத் தீனியாகப் போயிருக்கிறது.

"நான் அங்க வந்து உக்காரலாமா?" என்று கேட்டேன்.

"வாங்களேன். யாரு வேணாங்கிறா."

மறுநாள் மத்தியான இடைவேளையில் புரூப்பைச் சுருட்டிக்கொண்டு அந்தக் கிடங்குக்குப் போனேன். வாசலுக்கு உள்ளே நாலடி தள்ளி ஒரு மூட்டையில் உட்கார்ந்தேன். நாலு வரி படித்திருப்பேன். வாசனை நெஞ்சுக்குள் இறங்கியது. ஐந்தாவது வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். எழுந்துவிட்டேன்.

அவர் மூட்டையைத் தோளில் வைத்தபடியே சொன்னார்: "போறதுன்னா போங்க. ஓடாதீங்க. நடந்து போங்க."

நடந்து போனேன். அடுத்த நாள் எட்டு வரி. ஒரு வாரத்தில் முக்கால் பக்கம். ஒரு மாதம் கழிந்து, ஒரு நாள் முழுப் புரூப்பையும் திருத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, என்னைச் சுற்றிலும் கிராம்பு இருக்கிறது என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேன். "நான்தான் சொன்னேன்ல" என்று சிரித்தார்.

ஆனால் அவர் சொன்ன மற்றதும் உண்மையாக இருந்தது. கிடங்கில் அடங்கியது வீட்டு மேசையில் அடங்கவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தால் பழையபடி அந்தச் சொற்களில் நின்றேன். ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. மனைவி ஒரு தட்டில் கைப்பிடிக் கிராம்பைக் கொட்டி மேசை ஓரத்தில் வைத்தாள். மகள் வந்து ஒன்றை வாயில் போட்டு மென்று, முகத்தைக் கோணிக்கொண்டு துப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கிராம்பைப் பார்த்து நான் சிரித்தது நெடுநாளைக்கு அப்புறம் அப்போதுதான். அச்சகத்து மேசைக்கும் ஒரு சிறு பொட்டலம் போனது. இதற்கு நடுவே ஒரு அட்டையில் ஒரு வரி அகலத்துக்குச் சன்னல் மாதிரி வெட்டிவைத்துக்கொண்டேன். அந்தச் சொற்களில் ஒன்று வந்தால் அந்த வரியையும் அடுத்த வரியையும் அட்டை வழியாக எழுத்து எழுத்தாகப் படிப்பேன். பிழைகள் குறைந்தன. வருடம் திரும்புவதற்குள் நின்றன.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று இருந்தது. பொட்டலத்தைப் பார்த்து அவரே கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். நம்பமாட்டார், சாக்குப்போக்கு என்று நினைப்பார் என்று பயந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, பொட்டலத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் அப்படி ஒரு சொல்லு இருக்கு தம்பி" என்றார். "முப்பது வருஷமாச்சு. எந்தத் தாள்ல இருந்தாலும் மொதல்ல அதான் தெரியும். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். "எந்தச் சொல்லுன்னு கேக்காத. சொல்லமாட்டேன்."

நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகிறபோது எதிரே வந்த முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். கூடை சுமந்த பெண், ரிக்‌ஷா இழுக்கிறவர், கடை வாசலில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்த ஒரு பெரியவர். கடைகளின் மேலே தமிழிலும் சீனத்திலும் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்திலும் பலகைகள். எந்தப் பலகையில் எந்தச் சொல் யாரைப் பிடித்து நிறுத்துகிறதோ. இவ்வளவு சத்தத்தில் ஒவ்வொருவரும் மற்ற யாருக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள். எனக்குக் கும்பிடவேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

கடைசியாக நான் கிடங்குக்குப் போன நாட்களில் ஒன்றில், அந்த அண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தி, புரூப்பை எட்டிப் பார்த்தார்.

"அந்தச் சொல்லு இதுல இருக்கா?"

"இல்லண்ணே."

"எழுதிக் காட்டுங்க. எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்."

புரூப்பின் ஓரத்தில் பென்சிலால் பெரிதாக எழுதினேன். அவர் தாளை வாங்கி, வழவழத்த விரலால் எழுத்துகளின் மேலே தடவினார். ஒரு தரம் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே பண்ணலையே" என்றார். "நீங்க இதுக்கா பயந்தீங்க?"

"கிராம்பு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல்லைக் கேட்டும் அசையாத மனிதர், அதே கிடங்குக்குள், அன்றைக்கு மாடியில் கூட இருந்த என் குரலில் கேட்டதும் திடுக்கிட்டுத் தோளைத் தூக்கிப்போட்டார். பிறகு என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.